உப்பு மாளிகையை விட்டு டைரக்டர் இறங்கிப்போன காலை

போன வாரம் ஒரு காலையில், வேளச்சேரியில் என் தம்பி மகன் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கைபேசியைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தவன், "அத்தை, சமாசாரம் தெரியுமா? ஒரு மாயாஜாலப் படம், நாவல்லேர்ந்து எடுக்கறா, வருஷக்கணக்கா இழுத்துண்டே இருக்குன்னு சொன்னேனே, அதோட டைரக்டர் விலகிட்டாராம்" என்றான்.

"ஏனாம்?"

"கருத்து வேறுபாடாம். எல்லாரும் சொல்றதுதானே. ஹீரோவோட முட்டிண்டிருப்பார்."

கீரைக்காம்பு என் விரலிடுக்கில் அப்படியே நின்றுவிட்டது. நான் அந்தப் படத்தின் பரம ரசிகை என்று நினைத்தானோ என்னவோ, என்னைப் பார்த்துச் சிரித்தான். அதில் யார் நடிக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு டைரக்டர் தன் படத்தை விட்டு விலகுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நாற்பது ஐம்பது பேர் வாயடைத்து நிற்க, காலை பத்து மணிக்கு, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அன்று விழுந்த அதிர்ச்சி, இத்தனை வருஷம் கழித்தும் கையிலிருக்கும் கீரையை மறக்கடிக்கிறது என்றால் பாருங்கள்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அறுபதுகளின் கடைசி. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்திருந்தேன். அந்தக் காலத்தில் மாம்பலத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில்தான் விழ வேண்டும். ஆனால் எல்லோரும் இங்கிலீஷ் மெஷினுக்குத்தான் வரிசையில் நிற்பார்கள். தமிழ் மெஷின் சும்மா கிடக்கும், காத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே நான் தமிழ் கற்றுக்கொண்டேன். சோம்பேறித்தனம் எனக்கு வாங்கிக் கொடுத்த உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடியில், ஒரு சினிமாக் கம்பெனியின் ஆபீஸ். வசனம் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தேன்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் இதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. "ஆத்துல எல்லாருக்கும் தெரிஞ்சா போறும். சினிமாக் கம்பெனின்னு வெளில சொல்லிண்டு திரியாதே. ஆபீஸ்னு சொல்லு" என்றாள் அம்மா. நானும் ஆபீஸ் என்றே சொன்னேன். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் ஸ்டுடியோவுக்கு வசனத்தாள் கொண்டுபோய், புடவையெல்லாம் வஜ்ஜிர நெடியும் பிளாஸ்டர் தூசியுமாக வீடு திரும்பினால், எந்த ஆபீஸ் என்று கேட்க மாட்டார்களா? எதிர் வீட்டு மாமி, நான் பொம்மை செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பதாகக் கடைசிவரை நம்பினாள். அதுவும் முழுப் பொய் இல்லை.

வஜ்ஜிரம் என்றால் தச்சர்கள் காய்ச்சும் பசை. அந்த நெடி மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் 'உப்பு மாளிகை' ஞாபகம் வரும். அது ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. எழுதியவர் ஏதோ தபால் ஆபீஸில் வேலை பார்த்தவராம், படம் எடுக்க அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு வடக்கே மாற்றலாகிப் போய்விட்டார். கதை இதுதான். சாபத்தால் உப்பாகிப்போன ஒரு ராஜகுமாரி, ஒரு தீவில் உப்பாலேயே கட்டிய மாளிகையில் இருக்கிறாள். அவள் மேல் மழை படக்கூடாது. அவள் அழவும் கூடாது. ஒரு சொட்டுக் கண்ணீர் கன்னத்தில் இறங்கினாலும் அந்த இடம் கரைந்துவிடும். அவளை மீட்க ஒரு ராஜகுமாரன் கப்பலேறி வருகிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் பத்திரிகை வரும் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருவில் யார் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று கைகலப்பே நடந்திருக்கிறது. என் தம்பியின் காதில் இருக்கும் நகக்கீறல் அதன் தழும்புதான்.

அந்தக் கதையைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தவர் டைரக்டர் வேதாசலம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியாக, சற்றே முன்னால் வளைந்து நடப்பார். கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். படப்பிடிப்பு நாட்களில் அந்தக் கண்ணாடி பளபளவென்று இருக்கும்.

நான் சேர்ந்தபோதே படம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று மேனேஜர் ஏகாம்பரத்திடம் கேட்டேன். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். சலித்துப்போய்ச் சொன்னார்: "இன்னாம்மா பண்றது? இவுரு நெஜ உப்புலதான் செட்டு போடணும்னு நிக்கிறாரு. மெட்ராஸ் காத்துல உப்பு நிக்குமா? காலைல பாத்தா பளபளன்னு கீது, மத்தியானம் பாத்தா ஒய்கிகினு கீது."

உண்மைதான். முதலில் பிளாஸ்டரில் செய்து வெள்ளை பூசிப் பார்த்தார்களாம். விளக்குப் போட்டால் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி இருந்ததாம். உப்பு என்றால் உள்ளிருந்து மின்ன வேண்டும் என்றார் டைரக்டர். மரக்காணத்திலிருந்து கல்லுப்பு லாரியில் வந்தது. மரச்சட்டத்தில் வஜ்ஜிரம் தடவி அதன் மேல் உப்பை ஒட்டினார்கள். தூண், படிக்கட்டு, சிம்மாசனம், ஜன்னல் எல்லாம் உப்பு. விளக்கைப் போட்டதும் அது மின்னிய மின்னல் இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் யாரும் டைரக்டரைத் திட்ட மாட்டார்கள். ஆனால் ஸ்டுடியோ இருந்தது அடையாற்றின் கழிமுகத்துக்குப் பக்கத்தில். கடல் காற்று உள்ளே நுழைந்தால் பதினோரு மணிக்கெல்லாம் தூண்களில் நீர் கோத்துக்கொள்ளும். விளக்குத் தாங்கிகள் துருப்பிடித்தன. நடிகர்களின் உதடு வெடித்தது. அதனால் தை, மாசியில் மட்டும், அதுவும் காலை வேளைகளில் மட்டும் மாளிகைக் காட்சிகளை எடுக்க முடிந்தது. மிச்ச மாதங்களில் நடிகர்கள் வேறு படங்களுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது ராஜகுமாரனுக்குக் கவசத்தின் பக்கவாட்டில் தையலைப் பிரித்துவிட வேண்டியிருக்கும். நாலாவது வருஷம் தையற்காரர் கவசத்துக்கு முதுகே வைக்கவில்லை. நாடாவால் கட்டிவிட்டார். "திரும்பி மட்டும் நின்னுடாதீங்க சார்" என்று டைரக்டர் ராஜகுமாரனிடம் கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது.

இத்தனைக்கும் பொறுமையாக இருந்தவர் தயாரிப்பாளர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. கடையில் நிற்கும்போது இருக்கும் கணீர்க் குரல், ஆபீஸ் மாடிப்படி ஏறும்போதே பாதியாகிவிடும். சினிமா அவருக்குப் புரியாத விஷயம் என்பதை மறைக்க மாட்டார்.

ஒரு ஜவுளிக்கடைக்காரர் எதற்கு இந்தப் படத்தை எடுக்க வந்தார்? இதை எனக்குச் சொன்னவர் டைரக்டர்தான். மனைவிக்குப் புடவை எடுக்கக் கடைக்குப் போனவர், விற்பனையாளரிடம் பேச்சுவாக்கில், 'உப்பு மாளிகை'யைப் படமாக எடுக்க ஆசை, ஆள்தான் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரைக் கேட்டதும் கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்துவிட்டாராம்.

அண்ணாச்சிக்கு வடிவு என்று ஒரே மகள். பதினாலு வயது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்து, தகப்பனாரின் பக்கத்தில் உட்கார்ந்து 'உப்பு மாளிகை'யை வாசித்துக் காட்டுவாள். அண்ணாச்சிக்குக் கணக்கெழுதும் அளவுக்குத்தான் எழுத்து. கதை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த இதழ்களை அவர் தொடவில்லை. யாரையும் வாசிக்கச் சொல்லவும் இல்லை. டைரக்டரிடம் அவர் போட்ட ஒரே ஒரு நிபந்தனை இது: "முடிவு என்னன்னு எங்கிட்ட சொல்லக்கூடாது. வடிவு விட்ட எடத்துல இருந்து நான் படத்துல பாத்துக்கிடுதேன்."

 ஆனால் முடிவு எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கடைசி இதழ் வந்த அன்று எங்கள் தெருவில் அடுப்பு மூட்டாத வீடுகள் உண்டு. ராஜகுமாரி அழுகிறாள். அழுது கரைந்துபோகிறாள். அதுவரை நன்னீராக இருந்த கடல் அன்றிலிருந்து உப்பாகிறது.

"சார், அவர் படம் பார்த்தார்னா..." என்று இழுத்தேன்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும்மா" என்றார். அவ்வளவுதான்.

ஏழாவது வருஷம் வந்தது. அதற்குள் ஊரே கலருக்கு மாறிவிட்டது. ராஜா ராணிக் கதையைக் கறுப்பு வெள்ளையில் யார் பார்ப்பார்கள் என்று விநியோகஸ்தர்கள் முகம் சுளித்தார்கள். கடைசிக் காட்சியை மட்டுமாவது கலரில் எடுப்பது என்று முடிவாயிற்று. அப்போது அப்படி ஒரு வழக்கம் உண்டு. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் ஓடிவிட்டு ஒரு பாட்டோ ஒரு கட்டமோ திடீரென்று கலராக மலரும், கொட்டகையில் விசில் பறக்கும். தை மாதம் மாளிகையைப் புதிதாகப் போட்டார்கள். முன்னெப்போதையும்விடப் பெரியதாக. கரையும் காட்சிக்கு எந்த நிறத்தில் ஆடை என்று பேச்சு வந்தது. துணிக்கு எங்கே போவது? அண்ணாச்சி கடைதான் இருக்கிறதே.

ராஜகுமாரியாக நடித்த பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல பெண். இந்தப் படம் முடிவதற்குள் கல்யாணமாகி ஒரு குழந்தையும் பெற்றிருந்தாள். அவளுக்கு அண்ணாச்சியின் நிபந்தனை தெரியாது. கடைக்குப் போய், துணிகளை விரித்துப் பார்த்துவிட்டு, சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள்: "அண்ணாச்சி, கடைசியில நான் கரைஞ்சு செத்துப் போறேன்ல, அதுக்கு லேசா, தண்ணி மாதிரி ஒரு துணி வேணும்."

அன்று மத்தியானம் அண்ணாச்சி ஆபீஸுக்கு வந்தார். டைரக்டர் ஸ்டுடியோவில் செட் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரமும் அங்கேதான். நான் மட்டும் மெஷின் முன்னால். அவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"பிள்ளே, அவ செத்துப் போறாளா?"

யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். அவர் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. பல வருஷங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் மத்தியானமும் வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். "நான் சொல்லச் சொல்ல அடிச்சுத் தாரியா பிள்ளே? கடைசிக் கட்டம். டைரக்டரய்யாகிட்ட நானே பொறவு சொல்லிக்கிடுதேன்."

மூன்று மத்தியானங்கள். அவர் சொன்னார், நான் அடித்தேன். வசனமென்று எழுதத் தெரியாமல், எதிரே நடப்பதைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார். மேகம் கூடுகிறது. ராஜகுமாரன் கப்பல் இன்னும் வரவில்லை. அப்போது ராஜகுமாரியின் தகப்பன் வருகிறான். நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். கதையில் அவளுக்குத் தகப்பனே கிடையாது.

"அண்ணாச்சி, கதையில அப்பா இல்லையே?"

"இல்லன்னா? இருப்பாம்லா எங்கயாவது. அவன் வாரான், அடி."

அந்தத் தகப்பன் அரண்மனையிலிருந்து பட்டும் பருத்தியும் ஜமுக்காளமும் கித்தானுமாக இருக்கிற துணியை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மாளிகை மேல் போர்த்துகிறான். தூணுக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று. தன் மேல்துண்டைக் கடைசியாக மகளின் தலையில் போடுகிறான். எந்தத் துணி எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்றெல்லாம் அதில் வந்தது. சிரிப்பு வர வேண்டிய இடம்தான். நான் தலையைக் குனிந்துகொண்டே அடித்தேன். நிமிர்ந்தால் அவர் என் கண்ணைப் பார்த்துவிடுவார்.

பக்கங்களை என் மேஜை இழுப்பறைக்குள் வைக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை டைரக்டரிடம் சொல்வதாகச் சொன்னவர் சொல்லவில்லை. திங்களன்று படப்பிடிப்பு. அன்று நான் செய்தது சரியா தவறா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை அந்த ஒன்பது பக்கங்களையும் எடுத்து, டைரக்டரின் வசனக் கோப்பில், கடைசிக் காட்சிக்கு மேலே வைத்தேன். யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும், அது நானாக இருக்க வேண்டாம், காகிதமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கோழைத்தனத்துக்கு இப்படியெல்லாம் வழி உண்டு.

அவர் படித்தார். என் மேஜையிலிருந்து பார்த்தால் அவர் அறை தெரியும். ஒரு தடவை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். துடைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். தெருவில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்து வெகு நேரம் ஆன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. போகும்போது என் மேஜையருகே நின்று, "அவர் சொன்னாரா? நீ அடிச்சியா?" என்றார். ஆமாம் என்றேன். "ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை. என்னையும் ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கலருக்காக விளக்குகளை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். உப்புத் தூண்களில் லேசான ரோஜா நிறம் ஏறி, மாளிகை மூச்சு விடுவது போல இருந்தது. ராஜகுமாரி படிக்கட்டில் மெல்லிய நீலத் துணியில் உட்கார்ந்திருந்தாள். ராஜகுமாரன் முதுகில் நாடா கட்டிக்கொண்டிருந்தான். மேலே பரணில் லைட்மேன்கள் தயார். ஏகாம்பரம் அன்று ஒரு தேங்காயும் சூடமும் வாங்கி வந்திருந்தார்.

டைரக்டர் வந்தார். செட்டை ஒரு முறை சுற்றி வந்தார். ஒரு தூணைத் தொட்டு விரலைப் பார்த்தார். உலர்ந்திருந்தது. ஏழு வருஷத்தில் அவ்வளவு நல்ல காலை வந்ததில்லை. படிக்கட்டில் இரண்டு படி ஏறித் திரும்பி நின்றார். எல்லோரும் ஏதோ நாலு வார்த்தை பேசப் போகிறார் என்று கைகட்டி நின்றோம்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். நான் இந்தப் படத்துலேர்ந்து விலகிக்கறேன். இனிமே இதை நான் எடுக்கலை."

யாரோ ஒருவர் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து. அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது. டைரக்டர் படி இறங்கினார். ஏகாம்பரம் கையில் சூடத் தட்டோடு ஓடினார். "சார், இன்னா சார் இது? யார் இன்னா சொன்னா? சொல்லு சார், நான் கேக்கறேன்!" டைரக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். பெரிய கதவைத் தள்ளித் திறந்தபோது வெளி வெயில் உள்ளே விழுந்தது. கதவு மூடிக்கொண்டது. ராஜகுமாரி மட்டும், "இப்ப நான் எழுந்துக்கலாமா?" என்று கேட்டாள்.  கேமராக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விளக்குகளை அணைக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அவை பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தன.

நான் பின்னாலேயே ஓடினேன். கேட்டுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

"சார், நான் அந்தக் காகிதத்தை வெச்சதாலயா?"

"இல்லம்மா. அதுல உள்ளதை என்னால எடுக்க முடியாது. அது என் கதை இல்லை. ஆனா அதை எடுக்க மாட்டேன்னு அவர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லவும் எனக்கு வாய் வராது. ஏழு வருஷம் கூட இருந்துட்டேன்." பஸ் வந்தது. "அவர்கிட்ட இதைச் சொல்லாதே" என்றார். ஏறிப் போய்விட்டார்.

அண்ணாச்சி ஒரு மணி நேரம் கழித்து வந்தார். செட் முன்னால் நின்று, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அப்போது மணி பதினொன்று தாண்டியிருந்தது. தூண்கள் வேர்க்கத் தொடங்கியிருந்தன.

பத்து நாள் ஊர் வாய் ஓயவில்லை. கதாநாயகியோடு தகராறு என்றார்கள். வேறு பெரிய கம்பெனி அழைத்துக்கொண்டது என்றார்கள். ஒரு சினிமாப் பத்திரிகை, தயாரிப்பாளர் அவரை அவமானப்படுத்திவிட்டார் என்று எழுதியது. அதை யாரோ அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டியும் விட்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். கல்யாண சீசன், கால் வைக்க இடமில்லை. மணப்பெண்கள் கண்ணாடி முன்னால் நின்றிருக்க, புடவைகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். காகிதத்தை வைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த முழக்கோல் கீழே விழுந்தது. "என்னாலயா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, நான் எதிர்பார்க்கவே எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"படிச்சிட்டுச் சிரிச்சாரா பிள்ளே?"

"இல்ல அண்ணாச்சி. ரெண்டு தடவை படிச்சார். கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வா, போவம்" என்றார்.

டைரக்டரின் வீடு மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில். அவர் மனைவி கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் காபி போட உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"டைரக்டரய்யா, புஸ்தகத்துல உள்ளபடியே எடுங்க. என் கிறுக்கலக் கிழிச்சுப் போட்டுருங்க. வந்துருங்க."

"படம் வந்தா நீங்க பார்ப்பீங்களா அண்ணாச்சி?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். "பாக்க மாட்டேன். அது மட்டும் என்னால ஆவாது."

"நீங்க பார்த்து, அழுது, கொஞ்சம் லேசாயிடுவீங்கன்னு நெனச்சேன். அந்த நெனப்புலதான் ஏழு வருஷம் எடுத்தேன். நீங்க பார்க்க மாட்டேங்கற படத்தை நான் யாருக்காக எடுக்கறது?"

"அப்போ நான் சொன்ன பக்கத்துல உள்ளத எடுங்க."

"அது பொய்யாப் போயிடும். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றார் அண்ணாச்சி.

காபி வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். நானும் குடித்தேன், சர்க்கரை போட மறந்திருந்தார்கள், யாரும் சொல்லவில்லை. இனி சண்டை வரும், அல்லது சமாதானம் வரும் என்று காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. வேறு ஆளை வைத்துப் படத்தை முடிக்கலாமே என்று நான்தான் உளறினேன். இருவரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். அந்த அறையில், அந்தக் காபியோடு, 'உப்பு மாளிகை' முடிந்தது. அடுத்த வாரம் செட்டைப் பிரித்தார்கள். ஏகாம்பரம் மட்டும் கடைசிவரை ஏதோ சதி என்றே நம்பினார்.

எனக்குப் பிறகு ஒரு சர்க்கார் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இனிமேல் ஆபீஸ் என்று அம்மா கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு வருஷம் கழித்துத் தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அண்ணாச்சி கடைக்குப் போனேன். மாடிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு சின்ன அறையில், தீபாவளி விளம்பரத் தட்டிக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். 

"சார், நீங்களா? இங்கயா?"

"ரெண்டு வருஷமா இங்கதான் இருக்கேன்" என்றார் டைரக்டர் வேதாசலம். "படம் எடுக்கத் தோணலை. அண்ணாச்சி கூப்பிட்டார், வந்துட்டேன். மத்தியானம் கூட்டம் கொறைஞ்சதும் மேல வருவார். கதை சொல்லுவேன்."

"என்ன கதை?"

"ஏதாவது. முடியப் போறதுன்னு தெரிஞ்சா எழுந்து கீழ போயிடுவார். மறுநாள் வேற கதை." கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய கலைஞரை இப்படி உட்கார்த்தி வைத்துவிட்டார்களே என்று அன்று பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். இப்போது நினைத்தால், அவர் தன் படத்தைத்தான் அங்கே எடுத்துக்கொண்டிருந்தாரோ என்று தோன்றுகிறது. தெரியவில்லை.

இருவரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கடை இருந்த இடத்தில் ஏழு மாடியில் நகைக்கடை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு, வாசலில் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். பிலிம் சுருள்களைப் பற்றி ஏகாம்பரத்திடம் ஒரு தடவை விசாரித்தேன். லேபில் இடமில்லை என்று எடுத்துப் போகச் சொன்னார்களாம், பிலிமிலிருந்து வளையல் செய்கிறவர்கள் எடைக்கு வாங்கிப் போனார்களாம். வாரப் பத்திரிகை நின்றுவிட்டது. அந்தத் தொடரை நான் கட்டி வைத்திருந்த தொகுப்பு, வீடு மாறியபோது பழைய பேப்பரோடு போயிற்று.

இந்த வாரம் ஒரு நாள், மூலக் கதையின் கடைசிக் காட்சியை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். டைரக்டருக்காக ஐந்து முறை திருத்தித் திருத்தி டைப் அடித்த காட்சி. அழகான வசனங்கள். ஊரையே அழவைத்தவை. ஒரு வரிகூட வரவில்லை. எவ்வளவோ முயன்றேன், ஒரே ஒரு வரியாவது வருமா என்று.

வந்ததெல்லாம் மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணாச்சி சொல்லி முடித்தது மட்டும்தான். "மழ நிக்குது. தகப்பன் துணியெல்லாம் எடுத்து மடிக்கான். அவ அழுவா பிள்ளே, அழத்தான் செய்வா, அவன் மூஞ்சியப் பாத்ததும். ஆனா கரைய மாட்டா. அவ்வளவுதான். இதுக்கு மேல ஒண்ணும் அடிக்காத."